கிடாவோடு போன ஊழியப் பயணம்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தீப்பெட்டி ஆபீசுக்குப் பெட்டி ஒட்டப் போனவள். மறதி வேறு. முன்னே பின்னே வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லச் சொன்னால் இதுகூட வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

கோவில்பட்டியில் எங்கள் சபைப் பெண்கள் கிறிஸ்துமசுக்கு முன்னால் குளத்தூர்ப் பக்கம் ஒரு பிள்ளைகள் இல்லத்துக்கு ஊழியப் பயணம் போவது வழக்கம். தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளை ஒரு ஐயாவும் அவர் மனைவியும் அங்கே வைத்து வளர்க்கிறார்கள். அரிசி பருப்பு எங்கள் சபையிலிருந்து போகும். எங்களுக்குத் தலைவி, வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு டீச்சரம்மா. என்னைவிட வயதில் இளையவர்தான். ஆனாலும் அவர் "கையைக் கட்டு" என்றால் நான் இன்றைக்கும் கட்டிவிடுவேன்.

போன வருஷமா, அதற்கு முந்தின வருஷமா தெரியவில்லை, பிள்ளைகளுக்கு ஆட்டுக்கறிச் சோறு போடுவது என்று முடிவானது. "கறியா வாங்கினா எலும்பைத் தள்ளிவிட்டுருவான், உயிரோட கொண்டு போவோம்" என்று டீச்சரம்மா சொல்லிவிட்டார். ஒரு கிடாவை வாங்கி வேனில் ஏற்றினார்கள்.

கூச்சக்காரி என்பதால் எனக்கு எப்போதும் கடைசி சீட்டு. கிடாவுக்கும் அதே சீட்டு. ஒருத்தி கடம்பூரிலிருந்து போளி வாங்கி வந்து ஆளுக்கொன்று கொடுத்தாள். என்னுடையதைக் கிடா தின்றுவிட்டு, என் மடியிலேயே தலையை வைத்துத் தூங்கிப்போனது. அதை எழுப்ப எனக்குக் கூச்சமாக இருந்தது. டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "ஆச்சி, அவிய உங்க சொந்தக்காரவுகளா?" என்றார். வேனே சிரித்தது.

தார்ரோட்டை விட்டு மண்பாதையில் திரும்பியதும் வேன் புதைந்துவிட்டது. முந்தின நாள்தான் மழை. கரிசலைத்தான் தெரியுமே, மிதித்தால் செருப்போடு ஒட்டிக்கொள்ளும். நாலு எட்டு வைப்பதற்குள் ஒவ்வொருத்தியும் ஒரு சாண் உயர்ந்துவிட்டோம். அப்படியே நின்று வேனைத் தள்ளினோம். கிடா மட்டும் இறங்கவில்லை. சன்னல் வழியாக எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் இல்லத்துப் பிள்ளைகள் ஓடி வந்துதான் வேனைத் தள்ளிவிட்டார்கள். பிறகு எங்களை வரிசையாக உட்காரவைத்து, குச்சியால் எங்கள் கால் மண்ணைச் சுரண்டியும் விட்டார்கள். ஊழியம் செய்யப் போனது நாங்கள். செய்தது அவர்கள்.

அப்புறம் அவர்கள் கிடாவைப் பார்த்தார்கள். தாடி இருந்ததால் அதற்கு ஹெட்மாஸ்டர் என்று பேர் வைத்தார்கள். நாங்கள் காப்பி குடித்து முடிப்பதற்குள் ஹெட்மாஸ்டர் கழுத்தில் சிவப்பு ரிப்பன் ஏறிவிட்டது.

இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பிள்ளை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஆச்சி, ஹெட்மாஸ்டரை எதுக்குக் கூட்டிட்டு வந்தீங்க?"

முன்பல் இல்லாத ஒரு குட்டிப் பிள்ளைதான் பதில் சொன்னாள்.

"கறி வைக்கத்தான்ட்டி!"

பின்னல்காரியின் முகம் சுருங்கிவிட்டது. "வெட்டாண்டாம்னு சொல்லுங்க ஆச்சி."

"நான் சொன்னா யாரு தாயி கேப்பா?"

"வெட்டக் கூடாது," என்றாள் பல்லில்லாதவளும். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா கறி வேணும்," என்றாள்.

பின்னல்காரி அழவில்லை. என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை.

குளத்தூரிலிருந்து கறிக்கடை அண்ணாச்சி கத்தியோடு வந்து சேர்ந்தார். டீச்சரம்மா கையைத் தட்டினார்.

"அடுப்பு பத்தவைக்கதுக்கு முன்ன ஒரு சின்ன ஜெபம். இன்னைக்கு நம்ம அக்காதான் பண்ணுதாங்க. எத்தனை வருஷந்தான் தூணுக்குப் பின்னாலயே நிப்பீங்க? வாங்க இங்கன. எல்லாரும் கண்ணை மூடுங்க."

நான் அதுவரை சத்தமாக ஜெபித்ததே இல்லை. கல்யாணத்தன்று சம்மதம் கேட்டபோதுகூடத் தலையைத்தான் ஆட்டினேன். "அன்பின் பரம பிதாவே" என்று தொடங்கினேன். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. பயத்தில் ஒரு கண் தானாகத் திறந்துகொண்டது. பார்த்தால், வேப்பமரத்தடியில் பின்னல்காரி கிடாவின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருக்கிறாள். என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள்.

எனக்கு விளங்கிவிட்டது. நான் ஆமென் சொல்லும்வரை ஒருத்தரும் கண்ணைத் திறக்கமாட்டார்கள்.

ஜெபித்தேன். ஐயாவுக்காக, அவர் மனைவிக்காக, டிரைவருக்காக, வேனின் நாலு டயருக்காக. கிடா நகரவில்லை. இரண்டு பிள்ளைகள் பின்னாலிருந்து தள்ளினார்கள். மானாவாரி உளுந்துக்காக ஜெபித்தேன். மக்காச்சோளத்தில் விழும் புழுவுக்கு எதிராக ஜெபித்தேன். கிடா ரெண்டு எட்டு வைத்துவிட்டு "மே" என்றது.

"ஸ்தோத்திரம்!" என்று கத்தினேன்.

"ஸ்தோத்திரம்!" என்று எல்லாரும் கத்தினார்கள்.

மறுபடியும் "மே". மறுபடியும் "ஸ்தோத்திரம்!" எங்கள் சபையில் அப்படி ஓர் உருக்கத்தை நான் பார்த்ததில்லை. டீச்சரம்மா கண்ணீரே விட்டார்.

லைட்டர்கள் ஒழிந்து தீப்பெட்டி ஆபீஸ் செழிக்க ஜெபித்தேன். காற்றாலைகளுக்குக் காற்று வேண்டினேன். மண்பாதைக்குத் தார் வேண்டினேன். கிடா இன்னும் முற்றத்துக் கோடியில் இருந்த குளியலறையின் மூலைக்குப் போய்ச்சேரவில்லை, அதைத் தாண்டினால்தான் கண்ணுக்கு மறையும். எனக்குத் தெரிந்தவர்கள் எல்லாரும் தீர்ந்துபோனார்கள். கண்ணெதிரே மிச்சம் இருந்தது கிடா மட்டும்தான்.

"இந்த வாயில்லா ஜீவனுக்கும் தீர்க்காயுசைத் தாரும். தாடி நரைச்சு, பேரன் பேத்தி எடுத்து, இந்தப் பிள்ளைகளோட சுகமா இருக்கும்படி செய்யும்."

"ஆமென்! ஆமென்!" என்றது கூட்டம். வால் மூலையில் மறைந்ததும் நானும் ஆமென் சொன்னேன்.

எல்லாரும் கண்ணைத் திறந்தார்கள். மரத்தடியில் வெறும் கயிறு.

"கிடா எங்கட்டி?" என்றார் டீச்சரம்மா.

பிள்ளைகள் பதில் சொல்லத் தேவையிருக்கவில்லை. ரிப்பன் பறக்க கிடாவே திரும்பி ஓடி வந்து, என் பக்கத்தில் நின்று முந்தானையைச் சப்பத் தொடங்கியது. போளி வாசம் இன்னும் இருந்திருக்கும். இத்தனை ஜெபித்தும் இந்த மூதேவி இப்படிப் பண்ணிவிட்டதே என்று எனக்கு அழுகை முட்டியது. பின்னல்காரி ஓடி வந்து அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

கறிக்கடை அண்ணாச்சி கத்தியை எடுத்துத் துண்டில் சுற்றி வைத்தார்.

"நம்மால ஆவாது தாயி. இந்த ஆச்சி அதுக்கு ஆயுசு கேட்டாச்சு. நான் வேற சாமி கும்பிடுதவன்தான். ஆனா நானும் கண்ணை மூடி நின்னேம்லா? இப்ப வெட்டுனா ரெண்டு சாமியும் என்னைத்தான பிடிக்கும்?"

"அக்கா அப்படியா ஜெபிச்சாங்க?" என்றார் டீச்சரம்மா.

"பேரன் பேத்தி எடுக்கணும்னாவ," என்றார் டிரைவர். "நீங்கதான் எல்லாரையும்விடச் சத்தமா ஆமென் போட்டீங்க."

டீச்சரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் கையைக் கட்டிக்கொண்டேன். அவர் உதடு துடித்தது. திட்டப்போகிறார் என்று நினைத்தேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, உட்கார்ந்து சிரித்துவிட்டார்.

"பேரன் பேத்தி எடுக்கணும்னா, அடுத்த வருஷம் ஒரு பெட்டையாட்டையும்லா வாங்கிட்டு வரணும்!"

பின்னல்காரி கிடாவை விட்டுவிட்டு என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

ஆனாலும் சோற்றுக்குக் குழம்பு வேண்டுமே. குளத்தூருக்குப் போய்ப் பிராய்லர் கோழி வாங்கிவரச் சொல்லி டிரைவரை விரட்டினார் டீச்சரம்மா. வேன் கிளம்பும்போது பல்லில்லாத குட்டி சத்தமாகக் கேட்டாள்.

"அந்தக் கோழிக்கு யாரு ஜெபம் பண்ணுவா?"

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். எனக்குத் தொண்டை கட்டிவிட்டது என்று சைகை காட்டிவிட்டுத் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். கோழிக்குழம்பு நன்றாகவே இருந்தது.

ரிப்பன் சிவப்புதானா, கிடா ரெண்டு தடவை கத்தியதா மூணு தடவையா என்பதெல்லாம் எனக்கு நிச்சயமில்லை. அன்றைக்கு வேனில் வந்த யாராவது இதைச் சரிபார்த்துத் திருத்துங்கள். கண்ணை மூடாமல் இருந்தவர்களாகப் பார்த்துக் கேட்பது நல்லது. குளத்தூர்ப் பக்கம் போகிறவர்கள், ஹெட்மாஸ்டருக்குத் தாடி நரைத்துவிட்டதா என்றும் பார்த்துச் சொல்லுங்கள்.