ஒட்டகம் தேடிப் போன ஞாயிறு

பாலைவனம் பார்க்கப் போகிறோம், அங்கே ஒட்டகம் நிற்கும் என்று மாமா சொன்னதை நானும் என் சிநேகிதியும் அப்படியே நம்பிவிட்டோம். மாமா என்றால் அவளுடைய அப்பா. எங்களுக்கு இரத்த உறவில்லை. பல்லாரோ சந்தைக்குப் பின்னால் ஒரே கட்டடத்தில் அவர்கள் மேல்வீடு, நாங்கள் கீழ்வீடு. இத்தாலியின் பலெர்மோ நகரில் எங்களுக்குச் சொந்தபந்தம் உண்டானதெல்லாம் படிக்கட்டில்தான்.

மகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று அவர்கள் மறுநாள் விடியவே லண்டனுக்குக் குடிபெயர இருந்தார்கள். இரண்டு வீட்டுப் பெரியவர்கள் நால்வருக்கும் அது தெரியும். எங்கள் இருவருக்கும் லண்டனுக்கு ஒரு விடுமுறைப் பயணம் என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். கடைசி ஒரு நாளாவது பிள்ளைகள் அழாமல் இருக்கட்டும் என்று தங்களுக்குள் பேசி வைத்திருந்தார்களாம்.

அப்பாவின் பழைய காரில் ஐந்து பேர்தான் இருக்கலாம், நாங்கள் ஆறு பேர். பொலிஸைக் கண்டால் குனிந்துகொள்வது என் பொறுப்பு. கடல் மறைந்ததும் மலைகள் வந்தன. ஓகஸ்ட் மாதம், கோதுமை அறுத்த நிலமெல்லாம் கருகிக் கிடந்தது, பேருக்கு ஒரு மரமில்லை. ஒரு மலையுச்சியில் அரபுக்காரர் காலத்துக் கோட்டையும் அதைச் சுற்றி ஊரும் இருந்தன. கோட்டைக்குப் பூட்டு. ஊரும் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கதவடைத்துவிட்டது. சுவரோர நிழலில் குந்தியிருந்து, அம்மா கட்டிவந்த புட்டையும் மீன்பொரியலையும் சாப்பிட்டோம்.

"ஒட்டகம் எங்கை?" என்று மாமாவைப் பிடித்துக்கொண்டேன்.

சந்தில் கட்டியிருந்த கழுதையைக் காட்டினார். "உதுதான். வெயிலுக்கு முதுகு கரைஞ்சு போச்சு."

சிநேகிதி நம்பினாள். நான் விடவில்லை. "அடுத்தமுறை கூட்டிவந்து உண்மையான ஒட்டகம் காட்டுவன் எண்டு அவளின்ரை தலையிலை அடிச்சுச் சத்தியம் பண்ணுங்கோ!"

மாமா மகளின் தலை வரைக்கும் கையைக் கொண்டுபோனார். பிறகு திரும்பி, கழுதையின் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது. கூடவே அந்த மனிதரைப் பார்க்க வேண்டும்போலவும் இருக்கிறது.

எங்கள் வீட்டில் புறப்படும்போது 'போறன்' என்று சொல்லக்கூடாது. வாய் தவறிச் சொன்னால் அம்மா வாசலிலிருந்து திருப்பிக் கூப்பிட்டு, 'போட்டு வாறன்' என்று சொல்ல வைத்துத்தான் அனுப்புவார். அன்று மாலை படிக்கட்டடியில் மாமி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்ப நாங்கள் போறம்" என்றார். அம்மா அவரைத் திருத்தவே இல்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. "மாமி! வாறம் எண்டு சொல்லுங்கோ!"

மாமி என்னை இழுத்து அணைத்துக்கொண்டார். "ஓம் பிள்ளை, வாறம்" என்றவர், அப்படியே விம்மி அழத் தொடங்கிவிட்டார்.

பெரிய ஆளையே திருத்திவிட்ட பெருமை எனக்குத் தாங்கவில்லை. ஆனாலும், ஒரு சொல்லைப் பிழையாகச் சொன்னதற்கு இவ்வளவு அழ வேண்டுமா என்று நினைத்துக்கொண்டேன்.