கடைசி ரீலும் மூன்றாம் ஓலையும்

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. அறுபதுகள் முடியப்போகிற சமயம். ஓசூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் வேலை. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு போர்டுக்கு முன்னால் உட்கார்ந்தால் பெங்களூர்க்காரரிடம் கன்னடம், பாகலூர்ப் பக்கத்து ரெட்டியார்களிடம் தெலுங்கு, கிருஷ்ணகிரிக்காரரிடம் தமிழ், மேலதிகாரியிடம் இங்கிலீஷ். நாலையும் கலக்காமல் பேசுவேன். அந்த வேலையில் நான் கெட்டிக்காரி. அடக்கமாகச் சொல்லிக்கொள்ள வேண்டிய அவசியம் அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை.

அந்த வருஷம்தான் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை கிருஷ்ணகிரி, மருந்துக் கடை வைத்திருக்கிற கிறிஸ்தவக் குடும்பம். நல்ல உயரம். முன்பல் ஒன்று கோணலாக இருந்ததால் சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்வார். அது எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. நிச்சயத்தன்று அவர் அப்படி இரண்டு முறை சிரித்தார். மூன்றாவது முறைக்காகக் காத்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் பொய்யில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு கிருஷ்ணகிரி எக்ஸ்சேஞ்சுக்கு மாற்றல் வாங்கிக்கொள்வது என்று நான் முடிவு பண்ணியிருந்தேன். மாற்றல் மனுவை எழுதிக் கைப்பைக்குள் வைத்திருந்தேன். அங்கே ஒரு அக்கா ஆபரேட்டராக இருந்தார். நேரில் பார்த்ததே இல்லை. லைன் சும்மா இருக்கும்போது பேசிப்பேசியே சிநேகம். “இங்க ஒரு போர்டு காலியாத்தான் கெடக்குது, சீக்கிரம் வந்து சேரு” என்று தினம் சொல்வார்.

எங்கள் கத்தோலிக்கச் சபையில் கல்யாணம் என்றால் அதற்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஓலை வாசிப்பார்கள். பெயர்தான் ஓலை, சாமியார் கையில் இருப்பது காகிதம். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் நடக்க இருக்கிறது, இதற்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்று மாப்பிள்ளை ஊரிலும் பெண் ஊரிலும் கேட்பார்கள். மூன்று ஓலையும் வாசித்து யாரும் வாய் திறக்கவில்லையென்றால் கல்யாணம். எனக்கு முதல் ஓலை வாசித்தாகிவிட்டது. அதே வாரத்தில்தான் ராயக்கோட்டை ரோட்டில் இருந்த டூரிங் கொட்டகைக்கு அந்தப் படம் வந்தது.

காதல் படம். கதாநாயகி ஒரு நர்ஸ். மலையில் தோட்டம் வைத்திருக்கிற பணக்காரப் பையன் காலை உடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வருகிறான். பிறகு என்ன, காதல், மழை, நாலு பாட்டு. கல்யாணம் என்று வரும்போது வேலையை விட்டுவிடு என்கிறான். அவள் அழுகிறாள். கடைசியில் தலையிலிருந்த வெள்ளைத் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு அவன் காரில் ஏறிக்கொள்கிறாள். கார் மலைப்பாதையில் போகிறது. பாதி வழியில் நிறுத்தச் சொல்கிறாள். இறங்குகிறாள். வந்த வழியே ஆஸ்பத்திரியைப் பார்த்து நடக்கிறாள். அவன் கூப்பிடவில்லை, அவளும் திரும்பவில்லை. படம் முடிந்தது என்று திரையில் ‘வணக்கம்’ போட்டுவிட்டார்கள்.

கொட்டகையில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே இடுப்பளவு மண்சுவர் உண்டு. அன்றைக்கு அந்தச் சுவர் இருந்தது நல்லதாகப் போயிற்று. ஆண்கள் பக்கத்திலிருந்து கைகையாகத் தரை மணலை அள்ளித் திரைமேல் வீசினார்கள். பெண்கள் பக்கத்தில் பாதிப் பேர் கைதட்டினோம், மீதிப் பேர் அவளை வாயில் வந்தபடி திட்டினார்கள். என் அம்மா திட்டின கூட்டத்தில் இருந்தாள்.

“கொழுப்பு. இவ்ளோ நல்ல பையன நட்ட நடு ரோட்டுல உட்டுட்டுப் போறாளே, இவளெல்லாம் ஒரு பொம்பளையா?” என்றாள்.

“அவன் வேலைய உடச் சொன்னான், இவ அவன உட்டா. சரியாப் போச்சு” என்றேன்.

அம்மா சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். சண்டையில் பாதியில் நிறுத்துகிற வழக்கமே அவளுக்குக் கிடையாது. வீடு வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அது விநோதமாக இருந்தது, ஆனால் ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் ஏனென்று யோசிக்கவில்லை.

மறுநாளிலிருந்து ஊரே இரண்டாகப் பிரிந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் இதே பேச்சு. உருளைக்கிழங்கு மண்டிக்காரர் ஒருவர் பெங்களூருக்கு லைன் கேட்டுவிட்டு, “லைன் கெடைக்கற வரைக்கும் சொல்லும்மா, அந்தப் புள்ள எறங்கிப் போனது ஞாயமா?” என்று என்னையே விசாரித்தார். நியாயம்தான் என்றேன். அந்த மாதம் முழுக்க அவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இரண்டாவது ஓலை வாசித்த ஞாயிறன்று மாப்பிள்ளையும் அவருடைய அக்காவும் மத்தியானம் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். காலையில் பெங்களூர் போய் முகூர்த்தப் புடவை எடுத்துக்கொண்டு திரும்புகிற வழி. அரக்கு நிறத்தில் நல்ல புடவை. அம்மா கோழி அடித்திருந்தாள். சாப்பிட உட்கார்ந்ததும் எதையாவது பேச வேண்டுமே என்று அவர் படத்தை எடுத்தார்.

“உங்க ஊர்ல இப்ப ஓடுதாமே. எங்க ஊர்ல அதுக்கு முந்தின வாரமே பார்த்துட்டோங்க. நல்லா முடிச்சிருக்காங்க, இல்ல?”

எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. “ஆமாங்க. நானும் அதையேதான் சொல்றன், ஊர்ல பாதிப் பேரு ஒத்துக்க மாட்டேங்கறாங்க.”

“ஏன் ஒத்துக்க மாட்டாங்க? தொப்பியக் கழட்டி வெச்சிட்டு அவங்கூடவே போயிடறா. குடும்பம்னா அதுதான முறை?”

“போறா. அப்புறம் பாதி வழியில எறங்கிடறாளே.”

“எறங்கலையே.”

“எறங்கத்தான் செய்றா. நடந்து திரும்பி வர்றா.”

“நான் ரெண்டு தடவ பார்த்தங்க. கார் போவுது, படம் முடிஞ்சி போவுது.”

அம்மா என் முழங்காலில் கிள்ளினாள். நான் நிறுத்துகிறவளா? போர்டில் உட்கார்ந்து பழகியதில் எனக்கு ஒரு குணம். லைன் அறுந்தால் எந்த இடத்தில் அறுந்தது என்று பார்க்காமல் விட மாட்டேன். “முடியறப்போ வணக்கம்னு போட்டாங்களா?” என்று கேட்டேன்.

அவர் யோசித்தார். “போடலீங்க. கார் போயிட்டே இருந்துது, பட்டுனு வெள்ளையாயிடுச்சு. லைட்டு போட்டுட்டாங்க.”

“அப்ப உங்களுக்கு முழுப் படத்தையும் காட்டல.”

அவர் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அவருடைய அக்காதான் சிரிக்கவில்லை. “படம் எப்படியோ போவட்டும்மா. எறங்கறவ, ஏறுறவ கதையெல்லாம் நமக்கெதுக்கு? நீதான் கல்யாணத்தோட வேலைய உட்டுடறதா உங்கம்மா நிச்சயத்தன்னைக்கே சொல்லிட்டாங்களே” என்றார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா சோற்றுக் குண்டானைப் பார்த்தாள். அன்றைக்குக் கொட்டகையில் ஏன் வாயை மூடிக்கொண்டாள் என்பது அப்போதுதான் புரிந்தது.

அவர்கள் போன பிறகு வீட்டில் நடந்த சண்டையை முழுசாக எழுத ஆரம்பித்தால் இந்த இடம் போதாது. அம்மா சொன்னதில் நியாயம் இல்லாமலும் இல்லை. “அப்பன் இல்லாத பொண்ணு, இருபத்து மூணு வயசு, ஊரான் ஊரான் கிட்ட போன்ல பேசறவ. அப்படிச் சொல்லாட்டி இந்தச் சம்பந்தம் வந்திருக்குமாடி?” என்றாள். என்னைக் கேட்காமல் என் வேலையைக் கொடுத்துவிட்டாய் என்றேன். “ஆமா, குடுத்தன். உன்ன வாழ வெக்கத்தான் குடுத்தன்” என்றாள். இரண்டு பேருமே பட்டினியாகப் படுத்தோம்.

திங்கட்கிழமை முதல் வேலையாக லைனில் கிருஷ்ணகிரி அக்காவைப் பிடித்தேன். அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். நடந்தது இதுதான். மத்தூர், கிருஷ்ணகிரி, ஓசூர் மூன்று ஊர்க் கொட்டகைக்கும் ஒரே முதலாளி. அந்தப் படத்தை முதலில் மத்தூரில் ஓட்டியிருக்கிறார். கடைசிக் காட்சியைப் பார்த்த கூட்டம் மூங்கில் தட்டியைப் பிய்த்துவிட்டது. அதனால் கிருஷ்ணகிரியில் கடைசி ரீலை எடுத்துப் பெட்டியிலேயே வைத்துவிட்டுக் கார் போவதோடு முடித்துவிட்டார். ஓசூருக்குப் பெட்டியை பஸ்ஸில் ஏற்றியபோது ‘கடைசி ரீல் ஓட்ட வேண்டாம்’ என்று ஒரு சீட்டு எழுதி உள்ளே போட்டிருக்கிறார். எங்கள் கொட்டகையில் படம் ஓட்டுகிறவர் மாலூர்க்காரர். தமிழ் நன்றாகப் பேசுவார், படிக்கத் தெரிந்தது கன்னடம் மட்டும். சீட்டைத் தகர டப்பாவில் செருகிவிட்டு இருந்த ரீலையெல்லாம் ஓட்டிவிட்டார். முதலாளி பதறிக்கொண்டு வந்து பார்த்தால், சண்டை போடுவதற்காகவே ஜனங்கள் இரண்டாம் தடவையும் டிக்கெட் எடுக்கிறார்கள். அப்படியே ஓடட்டும் என்று விட்டுவிட்டார்.

அன்று மத்தியானமே மருந்துக் கடைக்கு போன் போட்டேன். கல்யாணத்துக்கு முன் பெண் மாப்பிள்ளைக்கு போன் பண்ணுவது அந்தக் காலத்தில் பெரிய அதிசயம். எனக்கு அது கையெட்டும் தூரத்தில் இருந்த வேலை.

“உங்க ஊர்ல கடைசி ரீல எடுத்துட்டுத்தான் ஓட்டினாங்களாம். வெள்ளிக்கிழமை வரைக்கும் இங்க ஓடுதுங்க. வந்து கடைசி வரைக்கும் பாருங்க. பார்த்துட்டு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க” என்றேன்.

“படத்துக்காகவா?” என்றார்.

“இல்லீங்க. நான் வேலைய உடப் போறதில்ல. அம்மா சொன்னது எனக்குத் தெரியாது.”

யாருக்கோ மருந்தைக் கொடுத்துக் காசு வாங்குவது கேட்டது. பிறகு, “வர்றங்க” என்றார்.

வெள்ளிக்கிழமை முதல் ஆட்டத்துக்குத் தன் அக்காவோடு வந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நானும் அம்மாவும் அவருடைய அக்காவும். நான் படத்தைப் பார்க்கவில்லை. சுவருக்கு மேலே தெரிந்த அவர் தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கார் நின்றது. சுற்றிலும் மணலை அள்ளினார்கள், விசில் அடித்தார்கள். அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவர் கை மணலோடு சுவருக்கு மேலே எழாததைப் பார்த்து எனக்கு எவ்வளவு நம்பிக்கை வந்தது என்று சொல்லி முடியாது. இந்த மனுஷனோடு வாழ்ந்துவிடலாம் என்று நினைத்தேன்.

வெளியே டீக்கடை வெளிச்சத்தில் அம்மாவும் அக்காவும் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். அவர் டீயைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டே நின்றார், குடிக்கவில்லை.

“நீங்க சொன்னது சரிதாங்க. எறங்கறா” என்றார். “ஆனா, என்னக் கேட்டா, அந்த ரீல எடுத்ததே நல்லதுன்னுதான் தோணுது. கார் போறதோட முடிஞ்ச படந்தான் எனக்குப் புடிச்சிருக்கு. உங்க மனசுக்காக மாத்திச் சொல்லலாம். கல்யாணம் முடிஞ்சு ரெண்டே மாசத்துல அது பொய்னு உங்களுக்குத் தெரிஞ்சிடும்.”

“படத்த மட்டும் சொல்றீங்களா?”

“படத்த மட்டும் இல்லீங்க.”

அவர் பொய் சொல்லியிருக்கலாம். அந்த நிமிஷம் பொய் சொல்ல மாட்டாரா என்று நான் ஏங்கினேன், அதுதான் உண்மை. “நானும் மாத்திச் சொல்லலாங்க. எனக்கும் வரல” என்றேன். தலையை ஆட்டினார். டீயை அப்படியே பெஞ்சில் வைத்துவிட்டு அக்காவைக் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். அந்த மனிதரைப் பற்றிக் குறையாக ஒரு வார்த்தை நான் யாரிடமும் சொன்னதில்லை, யாரையும் சொல்ல விட்டதுமில்லை.

சனிக்கிழமை டூட்டி முடிந்து நேராக சாமியார் பங்களாவுக்குப் போனேன். மூன்றாம் ஓலையை வாசிக்க வேண்டாம் என்றேன். வயதானவர், கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

“ரெண்டு ஓலை வாசிச்சாச்சேம்மா. ரெண்டு ஊருக்கும் தெரிஞ்சி போச்சு.”

“தடை இருந்தா சொல்லத்தான சாமி மூணு தடவ கேக்கறீங்க? சொல்ல வந்திருக்கேன்.”

“யாரு தடை?”

“நாந்தான் சாமி.”

பையனுக்குத் தெரியுமா, நிதானமாக யோசித்தாயா என்றெல்லாம் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். கடைசியில் கிருஷ்ணகிரிப் பங்குச் சாமியாருக்கு எழுதுவதற்குக் காகிதத்தை எடுத்தார். 

வெள்ளிக்கிழமையிலிருந்தே அம்மா என்னோடு பேசவில்லை. சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள், வாய் மட்டும் திறக்கவில்லை. ஞாயிறு பூசைக்கும் வர மாட்டாள் என்று நினைத்திருந்தேன். முக்காட்டைப் போட்டுக்கொண்டு எனக்கு முன்னாலேயே கிளம்பிவிட்டாள்.

பிரசங்கம் முடிந்து சாமியார் ஓலை வாசித்தார். வேறு இரண்டு ஜோடிகளின் பெயர்கள். அதோடு காகிதத்தை மடித்துக்கொண்டு பீடத்துக்குத் திரும்பிவிட்டார். கோயில் முழுக்க ஒரு சலசலப்பு. ஒவ்வொரு தலையாக எங்கள் பக்கம் திரும்பியது. நான் நிமிர்ந்தே நின்றேன். எந்தத் தப்பும் செய்யாதவள் எதற்குக் குனிய வேண்டும்? ஆனாலும் காது இரண்டும் எரிந்தன. எங்களுக்கு முன் வரிசையில் இருந்த ஒரு பெண்மணி உடம்பையே திருப்பிக்கொண்டு என்னைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற அம்மா குரலைக்கூடத் தாழ்த்தாமல், “பீடம் அந்தப் பக்கம் இருக்குது. எம் மவ மூஞ்சில என்னத்தத் தேடற?” என்றாள்.

வீட்டுக்குப் போகிற வழியில் பழையபடி பேச்சில்லை. முக்காட்டை எடுத்து மடித்து வைத்தாள். அடுப்பைப் பற்ற வைத்துக் குழம்பைச் சூடு பண்ணினாள். எனக்குத் தட்டு வைத்துச் சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். நான் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அந்த மூன்று வருஷத்தில் ஒரு நாளும் கேட்காததை அன்றைக்குக் கேட்டாள்.

“நாளைக்கு உனக்குக் காலை டூட்டியா, மத்தியான டூட்டியா?”

“காலைதாம்மா. ஆறு மணிக்கு.”

“அப்ப அஞ்சுக்கே எழுப்பறன்” என்றாள்.

டீக்கடையிலும் வராத, சாமியார் முன்னாலும் வராத அழுகை அப்போது வந்தது. அம்மா தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, நான் அழுது முடிக்கிற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.