ஒரு வண்டிக்கு ஒரு ஆள்

ஊரடங்கு வந்தபோது திண்டுக்கல்லில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வீடு வடமதுரையில். டவுன் பஸ்ஸில்தான் போய்வருவேன். பக்கத்தில் எப்போதும் ஒரு தோழி இருப்பாள்; ஜவுளிக்கடையில் வேலை. என்னை அக்கா என்பாள். பஸ் நின்றதும் அவள் வேலையும் நின்றது. மருந்துக் கடையை மூட முடியாது. "எப்படியாவது வந்துரும்மா" என்றார் முதலாளி.

கணவர் மொபெட்டில் கூட்டிப்போனார். வழியில் போலீஸ்காரர் நிறுத்தினார். மருந்துக் கடையில் வேலை என்றேன்.

"நீங்க போலாம்மா. அவரு எதுக்கு? ஒரு வண்டிக்கு ஒரு ஆளுதான்."

"இவளுக்கு ஓட்டத் தெரியாது சார்."

"பழகச் சொல்லுங்க."

ஏதோ போகிற போக்கில் சொல்லி எங்களை விட்டுவிட்டார். கணவர் அதைப் பிடித்துக்கொண்டார். அன்று சாயங்காலம் வீடு திரும்பும் வழியில், லாரிகள் ஓயாத நான்குவழிச் சாலை வெறிச்சென்று கிடந்தது. வண்டியை என் கையில் கொடுத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்தார்.

"பின்னால ஓடியெல்லாம் வர மாட்டேன். போயிட்டுத் திரும்பி வா."

போகத் தெரிந்தது; திருப்பத் தெரியவில்லை. இறங்கி, வண்டியைத் தள்ளித் திருப்பிக்கொண்டு வந்தேன். அவர் சிரிக்கவில்லை. "நாளைக்கு உக்காந்துக்கிட்டே திருப்பு" என்றார்.

பஸ் மறுபடி ஓடத் தொடங்கியும் நான் ஏறவில்லை. முதலில் அடுத்தவர் இருமலுக்குப் பயந்தேன். அப்புறம் அந்தப் பயம் போய்விட்டது. வண்டிப் பழக்கம் மட்டும் தங்கிவிட்டது. கடை முடிந்து செத்த நேரம் யாரோடாவது பேசி நின்றாலும் பஸ் போய்விடும் என்ற பதைப்பு இல்லை. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் வேண்டாம் என்று அரசு அறிவித்தபோது கணவர் கேட்டார்: "இனி எதுக்குப் பெட்ரோலு?" நியாயமான கேள்வி. ஆனாலும் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

ஒரு மழை நாளில் பஸ் ஏறினேன். அந்தத் தோழி உட்கார்ந்திருந்தாள். வேலையை விட்டுவிட்டாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

"கொரோனாவுக்கப்புறம் எங்க வீட்டுக்காரரு வீட்டுலயே இருன்னுட்டாருக்கா. பஸ்ஸுக்குக் காசு கேட்டா எங்க போற, எப்ப வருவன்னு அம்புட்டுக் கேள்வி. இப்ப கேக்க வேண்டியதில்லைல்ல. ஒரு நா கடைக்குப் போயி, வேலை இருக்கான்னு கேட்டேன். வரச் சொல்லிட்டாக."

"வீட்டுல ஒண்ணும் சொல்லலியா?"

"ரெண்டு நா பேசல. பெறகு சோத்துக்கு வந்துதான ஆகணும்."

அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆட்களை வீட்டுக்குள் வைக்கப் போட்ட உத்தரவு என்னைத் தனியாக ரோட்டுக்கு அனுப்பியது. அவளை வெளியே கொண்டுவந்தது வேறொரு உத்தரவு. போட்டவர்களுக்கு எங்கள் இருவரையும் தெரியாது.

இப்போதும் பெரும்பாலும் வண்டிதான். மழை என்றாலோ, அவளோடு பேச வேண்டும்போல் இருந்தாலோ பஸ். சொல்லிவிட்டால் ஜன்னலோரம் இடம் பிடித்து வைப்பாள். காலையில் கணவர், "இன்னைக்கு எதுல?" என்று மட்டும் கேட்பார். சொல்லிவிட்டுக் கிளம்புவேன்.