அம்மா வீட்டுக்குப் போனவள்

எங்கள் டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ்; கர்ப்பிணிகள் பதிவேடு என் பொறுப்பு. மாதம் ஒருமுறை அதைத் தூக்கிக்கொண்டு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், அங்குள்ள கிராம செவிலியரோடு பேர் பேராக ஒத்துப் பார்க்க வேண்டும். மேலிடம் அதை ஒருங்கிணைப்பு என்றது. நாங்கள் செய்தது சண்டை. அவருக்கு நான் ஏசி ரூம் மகாராணி. எனக்கு அவர் நிறுத்தத் தெரியாத ரேடியோ.

வளைகாப்பு முடிந்த பெண்ணின் பேருக்கு எதிரே 'அம்மா வீடு' என்று எழுதிக் கோடு போட்டுவிடுவது எங்கள் வழக்கம். வெளியூரிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் நிறைந்த நெய்வேலியில் அம்மா வீடு என்றால் பஸ் ஏறிப் போகிற ஊர். திருநெல்வேலியோ தஞ்சாவூரோ, அங்கே இருக்கிற நர்ஸ் பார்த்துக்கொள்வார். அப்படித்தான் ஒன்பதாம் மாதத் தொடக்கத்தில் ஒரு பெண்ணுக்கும் கோடு போட்டேன். அவளுக்கு பிரஷர் ஏறத் தொடங்கியிருந்தது. வாராவாரம் பார்க்க வேண்டியவள். அவள் வளைகாப்பில் ஐந்து வகை சாதத்தையும் ஒரு கை பார்த்துவிட்டு வந்துதான் போட்டேன்.

அடுத்த மாதம் அந்தப் பக்கத்தைப் புரட்டிய கிராம செவிலியர் கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்தப் பொண்ணா? எங்க ஏரியாவுலதான் சுத்திக்கினு இருக்குது. உங்க காம்பவுண்டு செவுத்துக்கு அந்தாண்டதான் அதோட அம்மா வூடு."

"பிரஷர் பாத்தீங்களா?"

"நான் ஏன் பாக்கணும்? குவார்ட்டர்ஸ் பொண்ணு, உங்க கேஸுன்னு வுட்டுட்டேன்."

நான்கு வாரமாக யாருமே அவளைப் பார்க்கவில்லை. செவிலியரின் ஸ்கூட்டியில் பின்னால் ஏறினேன், மடியில் இரண்டு பதிவேடுகள். "விசாரிச்சு எழுதக் கூடாதா?" என்று அவர். "கண்ணால பாத்தப்ப கேக்கக் கூடாதா?" என்று நான். வழி முழுக்க இதேதான்.

அவள் வாசலில் கால் நீட்டி உட்கார்ந்து பலாச்சுளை தின்றுகொண்டிருந்தாள். இரண்டு காலும் வீங்கியிருந்தன. பிரஷர் எகிறியிருந்ததைப் பார்த்ததும் செவிலியர் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார்.

"ஏம்மா, இங்கதான் இருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" பயத்தில் அவள்மேல் பாய்ந்தேன்.

"அம்மா வூட்டுக்குப் போறேன்னு சொன்னேனே மேடம். எங்கன்னு நீங்க கேக்கலியே."

ஆம்புலன்ஸ் வந்தது. எந்த ஆஸ்பத்திரி என்று டிரைவர் கேட்டார். நான் ஒன்று சொன்னேன், செவிலியர் ஒன்று சொன்னார். அவளுடைய அம்மா எங்கள் இருவரையும் விலக்கிக்கொண்டு மகளை ஏற்றினாள். "நீங்க ரெண்டு பேரும் உள்ள குந்திக்கினு சண்ட போடுங்க. வண்டி கெளம்பட்டும்."

அன்று இரவே பெண் குழந்தை பிறந்தது, தாயும் தப்பினாள். எடை கொஞ்சம் குறைவு, குரல் அதற்கும் சேர்த்து இருந்தது. "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா..." என்றபடி டாக்டர் கையுறையைக் கழற்றினார். வராண்டாவில் உட்கார்ந்து அழுதேன். செவிலியர் டீ வாங்கி வந்து கொடுத்தார். "குடிங்க சிஸ்டர். தப்பு எம்மேலயும்தான்."

அந்த மாதம் குழந்தையை நான் என் பதிவேட்டில் எழுதினேன். அவரும் அவருடையதில் எழுதியிருந்தார். ஒரே குழந்தை இரண்டு பட்டியலில் எப்படி வந்தது என்று மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டார்கள். முதல் தடவையாகச் சண்டை போடாமல் சேர்ந்து உட்கார்ந்து ஒரே வரியில் பதில் எழுதினோம்: 'இரண்டிலும் இல்லாமல் போயிருக்கும், ஐயா.'