சத்தம் வந்த பக்கம்

"அடிக்கக் கூடாது, திட்டக் கூடாது, வெளிய நிக்க வைக்கக் கூடாது. அப்ப என்னதான் பண்றது? அதைச் சொல்லுங்க மேடம்."

ஆசிரியர் பயிற்சி வகுப்புகளில் இந்தக் கேள்வி வராத நாளே இல்லை. தி. நகரில் ஏதாவது ஒரு மண்டபத்தின் மாடியறையில், சாப்பிட்டு முடித்துக் கண் சொக்கும் நேரத்தில் யாராவது ஒருவர் எழுந்து கேட்பார். மற்றவர்கள் கைதட்டுவார்கள். நானும் வழக்கமான பதிலைச் சொல்வேன். சொல்லும்போதே எனக்குச் சலிப்பாக இருக்கும்.

பல வருடங்கள் நான் பள்ளியில் தமிழ் எடுத்தவள். கத்திக் கத்தித் தொண்டை கெட்டுப்போய், இனிமேல் வகுப்பு எடுக்கக் கூடாது என்று மருத்துவர் சொன்ன பிறகு ஓர் அறக்கட்டளையில் சேர்ந்தேன். அடக்க முடியாத பிள்ளைகள் இருப்பதாகச் சொல்லும் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கவனித்து, ஆசிரியருக்கு யோசனை சொல்வதுதான் வேலை. ஆசிரியர்களுக்கு என்னைக் கண்டாலே பிடிக்காது. பிள்ளைகள் இரண்டு நாளில் பழகிவிடுவார்கள்.

மயிலாப்பூரில் ஒரு பள்ளியிலிருந்து தலைமையாசிரியை கூப்பிட்டபோது எனக்குக் காய்ச்சல் விட்டு ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. அடையாறிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன்.

"ஒன்பதாம் கிளாஸ்ல ஒரு பொண்ணு மேடம்," என்றார். "நொச்சிக்குப்பத்துல இருந்து வருது. கணக்கு சாரைப் பாடாப் படுத்துது. எதிர்த்து எதிர்த்துப் பேசுது. டி.சி. குடுத்து அனுப்பிடுங்கன்னு சார் எழுதியே குடுத்துட்டார். அதுக்கு முன்னால நீங்க ஒரு தடவை பாத்துடுங்க."

கணக்கு ஆசிரியர் ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியவர். மெலிந்த உடம்பு, இஸ்திரி கலையாத சட்டை. நான் வணக்கம் சொன்னதற்குத் தலையை மட்டும் ஆட்டினார்.

அன்று அவர் கரும்பலகையில் முக்கோணம் வரைந்துகொண்டிருந்தார். இடது பக்கம் ஜன்னல். வலது பக்கம் சுவர். சுவரோரம் மூன்றாவது பெஞ்சில் அந்தப் பெண் ஸ்கேலை வைத்து ஒழுங்காக வரைந்துகொண்டிருந்தாள். அப்போது ஜன்னலோரம் இருந்த ஒருவன் காம்பஸ் பெட்டியால் பெஞ்சில் தாளம் தட்டினான். ஆசிரியர் சட்டென்று வலது பக்கம் திரும்பினார்.

"ஏய், எழுந்திரு."

"நான் இன்னா சார் பண்ணேன்?" என்றாள் அவள்.

"வெளியில போ."

"செய்யாததுக்கு எதுக்கு சார் போவணும்? நான் போ மாட்டேன்."

வகுப்பே சிரித்தது. அவள் ஸ்கேலை ஓங்கிப் பெஞ்சில் அடித்தாள். அவர் கையிலிருந்த சாக்பீஸ் உடைந்தது. மணி அடிக்கும்வரை அந்த முக்கோணம் முடியவேயில்லை. அந்தப் பீரியடிலேயே இதே மாதிரி இன்னும் ஒரு முறை நடந்தது.

எத்தனையோ பள்ளிகளில் பார்த்ததுதான் என்று நினைத்தேன். ஒரு பிள்ளை கெட்ட பெயர் எடுத்துவிட்டால், எங்கே எது நடந்தாலும் கண் அந்தப் பிள்ளை பக்கமே போகும். அதை அவரிடம் பக்குவமாகச் சொல்லிப் பார்த்தேன்.

"வேணும்னே பண்றேன்னு சொல்றேளா?" என்றார். கொண்டுவைத்த டீயைத் தொடாமல் எழுந்து போய்விட்டார்.

மறுமுறை போனபோது அந்தப் பெண்ணின் அம்மாவை வரச் சொல்லியிருந்தார்கள். ரோட்டோரம் மீன் விற்பவர். வியாபாரத்தைப் பாதியில் விட்டு வந்த அவசரம் அவர் முகத்தில் தெரிந்தது.

"வாய் ஜாஸ்திதான் மேடம், நான் இல்லேன்னு சொல்லல," என்றார். "ஆனா செஞ்சா செஞ்சேன்னு சொல்லிடும். செய்யாதத ஒத்துக்கோன்னா அது எப்டி ஒத்துக்கும்? இப்ப ஸ்கூலுக்கே போ மாட்டேன்னு சொல்லிக்கினு கீது. நான் கடைய பாப்பனா, இத்த பாப்பனா?"

பார்க்கிறேன் என்றேன். என் வேலையில் நான் அதிகம் சொல்லும் வார்த்தை அதுதான்.

அன்று வகுப்பு முடிந்து ஆசிரியரோடு மாடிப்படி இறங்கினேன். அவருக்கு இடது பக்கமாக நடந்தபடி, அந்த அம்மா வந்துபோனதைச் சொன்னேன். பதிலே இல்லை. கோபம் இன்னும் தீரவில்லை போல என்று நினைத்தேன். கீழிருந்து பிள்ளைகள் கூட்டமாக ஏறி வந்ததால் ஒதுங்கி அவருடைய வலது பக்கம் போனேன். அதே விஷயத்தை மறுபடி சொன்னதும், "அப்படியா? எப்போ வந்தா?" என்று சாதாரணமாகக் கேட்டார்.

நான் அங்கேயே நின்றுவிட்டேன். ஒரு காது கேட்காதவருக்கு எந்தச் சத்தமும் கேட்கிற காதின் பக்கமிருந்து வருவதாகத்தான் தோன்றும். பலகையைப் பார்த்து எழுதும்போது அவருக்கு எல்லாச் சத்தமும் வலது பக்கச் சுவரோரமிருந்துதான் வந்திருக்கிறது. அங்கே அவள் உட்கார்ந்திருந்தாள்.

ஆசிரியர்கள் அறை காலியான பிறகு அவருக்கு வலது பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். "சார், இடது காது எவ்வளவு நாளா இப்படி?" என்று கேட்டேன்.

அவர் மூடியிருந்த சாக்பீஸ் டப்பாவைத் திறந்து மறுபடி மூடினார்.

"ஆத்துல தெரியும். டிவி சத்தத்தைக் குறைங்கோன்னு கத்திண்டே இருப்பா. இங்க யாருக்கும் தெரியாது."

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"காமிச்சேன். நரம்பு போயிடுத்து, மெஷின் வெச்சுண்டா கொஞ்சம் கேக்கும்னார். மெஷினோட கிளாஸுக்குள்ள போனா பசங்க என்ன பேர் வெப்பான்னு உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். எனக்கும் பெயர்கள் இருந்தன.

"நான் வந்த முதல் நாள் தட்டினது ஜன்னலோரத்துப் பையன் சார். அவ இல்ல," என்றேன்.

"அன்னிக்கு மட்டுமா?"

"நான் பாத்த வரைக்கும் எப்பவுமே."

கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். "டி.சி. குடுங்கோன்னு எழுதியே குடுத்துட்டேனே," என்றார் மெதுவாக.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். மேஜையை ஜன்னல் மூலைக்கு நகர்த்திக்கொண்டு அங்கே நின்று எழுதினால் மொத்த வகுப்பும் வலது காதின் பக்கம் வந்துவிடும். சத்தம் வந்தால் யாரையும் கைகாட்ட வேண்டாம். எழுதுவதை நிறுத்திவிட்டுத் திரும்பி நின்றால் போதும். அந்தப் பெண்ணிடம் மட்டும் தனியாகப் பேசிவிடுங்கள் என்றேன். தலையை ஆட்டினார். செய்வார் என்று நான் நம்பவில்லை.

ஆனால் செய்தார். இரண்டு நாள் கழித்து அவளை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். நான் சற்றுத் தள்ளி நின்றேன்.

"உன்னை நிறைய தடவை தப்பா சொல்லிட்டேம்மா. எனக்கு இந்தக் காது கேக்காது. யார் சத்தம் போடறான்னு தெரியாது," என்றார்.

அவள் அவருடைய இரண்டு காதுகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எல்லா வாட்டியும் தப்பா இல்ல சார்," என்றாள். "நாலஞ்சு வாட்டி நான்தான் தட்னேன்."

அவர் சிரித்துவிட்டார். அந்த மனிதர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

"காது விசயத்த யார்கிட்டயும் சொல்ல வாணாமா சார்?"

"நீ சொல்ல வேண்டாம். நானே சொல்லிடறேன்."

டி.சி. கேட்ட கடிதத்தை அன்றே திரும்ப வாங்கிக்கொண்டார். மறுநாள் வகுப்பிலும் சொன்னார். சொன்னதும் எல்லாம் சரியாகிவிடவில்லை. அடுத்த வாரம் நான் போனபோது, ஜன்னலோரத்துப் பையன்கள் சத்தமே இல்லாமல் வாயை மட்டும் அசைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். மற்றக் காதும் போய்விட்டது என்று அவரை நினைக்க வைக்க வேண்டுமாம். பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம் போல இருந்தது. ஆசிரியர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு அவர்களைப் பார்த்தபடி நின்றார்.

"அந்தக் காது நன்னாக் கேக்கறது," என்றார்.

வகுப்பு சிரித்தது. அவரும் லேசாகச் சிரித்துவிட்டு, பாதியில் நின்ற கணக்கைத் தொடர்ந்தார்.

அந்தப் பெண்ணும் அடக்கமாகிவிடவில்லை. வேறொரு ஆசிரியையிடம் சண்டை போட்டு மறுபடி அம்மாவை வரவழைத்தாள். அரையாண்டுத் தேர்வில் கணக்கில் தேறவில்லை. முழுஆண்டில் எப்படியோ தேறிவிட்டாள். தலைமையாசிரியை என்னிடம், "அந்தப் பொண்ணை நல்லா மாத்திட்டீங்க மேடம்," என்றார். காது விஷயம் அவருக்கும் தெரியும். இருந்தாலும் மாறியது பிள்ளைதான் என்றே சொன்னார். விளக்கிச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. நன்றி சொல்லிவிட்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன்.

பள்ளி திறந்த பிறகு ஒரு காலையில் அந்த ஆசிரியர் போன் செய்தார். விடுமுறையில் மெஷின் வாங்கிவிட்டாராம்.

"எதிர்பார்த்த மாதிரியே பேர் வெச்சுட்டா. ப்ளூடூத் சாராம்."

"பரவாயில்லையே சார்."

"பரவாயில்லதான். முன்னாடி இருந்த பேருக்கு இது எவ்வளவோ தேவலை."

முன்னாடி இருந்த பெயர் என்னவென்று நான் கேட்கவில்லை. அப்போது கோபாலபுரத்தில் ஒரு பள்ளி வாசலில் நின்றுகொண்டிருந்தேன். நாற்காலியில் உட்காரவே மாட்டேன் என்கிற ஒரு பையனைப் பற்றிச் சொல்ல உள்ளே காத்திருந்தார்கள். வெயில் ஏறிவிட்டிருந்தது. போனைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனேன்.