குப்பை லாரிக்கு முறை வைத்த ஊர்

இன்று காலை குப்பை வண்டி பாட்டுப் பாடிக்கொண்டு தெருவுக்குள் நுழைந்தபோது, ஒரு கையில் பச்சை வாளி, மறு கையில் நீல வாளியோடு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். மாற்றிக் கொட்டிவிட்டால் வண்டிக்காரப் பெண் எல்லோர் முன்னாலும் திருத்துவாள். ஐம்பதை நெருங்கும் ஆளுக்கு தினமும் காலையில் ஒரு பரீட்சை. பச்சை வாளியின் மூடியைத் திறந்தேன். நேற்று ஆய்ந்த எறால் தலைகளின் வாடை குப்பென்று எழுந்தது. முகம் சுளிக்க வேண்டியவன் சிரித்துவிட்டேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். இந்த வாடையில்தான் நான் முதல் சம்பளம் வாங்கினேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

தூத்துக்குடியை ஒட்டி அப்போது ஒரு சின்னக் கடலோரப் பேரூராட்சி இருந்தது. அதன் சுகாதாரப் பிரிவில் எனக்குத் தற்காலிக வேலை. மின்விசிறிக்குக் கீழே மேசை, மேசைமேல் அழைப்பு மணி என்றெல்லாம் கற்பனை செய்துகொண்டு போனேன். லாரி ஷெட்டில் ஒரு கரும்பலகையையும் சாக்பீஸையும் காட்டினார்கள். எந்த வார்டுக்கு லாரி எப்போது போகும் என்று தினமும் எழுதிப்போட வேண்டும். கவிதை எழுதும் கை, பாருங்கள்.

கண்ணை மூடிக்கொண்டு லாரியில் ஏறினாலும் எந்த வார்டு என்று மூக்கு சொல்லிவிடும். கடைத்தெருவில் அட்டைப்பெட்டி, வைக்கோல், பேக்கரிகளின் முட்டை ஓடு. எங்கள் பக்கத்து மக்ரூன் இனிப்புக்கு வெள்ளைக்கரு மட்டும் போதும். மஞ்சள்கரு எங்கே போகிறது என்று நீங்கள் எப்போதாவது யோசித்தீர்களா? நான் யோசித்ததில்லை, மிதித்திருக்கிறேன். உப்பளத் தொழிலாளர் தெருவில் அடுப்புச் சாம்பலும், நுங்கு தின்று எறிந்த கூந்தலும். கடற்கரை வார்டில் எறால் தலை, மீன் செதிள், கணவாய் ஓடு, அறுந்த நைலான் வலை.

லாரி ஒன்றே ஒன்று. உப்புக்காற்றில் அதன் அடிப்பலகை அப்பளமாகியிருந்தது. கடைத்தெருவில் தொடங்கி, கடற்கரைக்கு வந்து சேர்வதற்குள் நிறைந்துவிடும். டிரைவர் சுப்பையா அண்ணாச்சி கையை விரித்து, "நாளைக்குப் பாப்போம்" என்பார். அந்த நாளையும், அதற்கு மறுநாளும் அப்படித்தான். குப்பையை எத்தனை நாள் வீட்டுக்குள் வைப்பது? ஓடையில் போட்டார்கள். பாதாளச் சாக்கடை எல்லாம் அப்போது யாரும் கேள்விப்படாத ஆடம்பரம். வீட்டுத் தண்ணீர் தெருவோர வாறுகாலில் விழும், வாறுகால் ஓடையில் சேரும், ஓடை கடலில் கலக்கும். ஓடை வாய் குப்பையில் அடைத்துக்கொண்டால், ஐப்பசி மழையில் ஊரின் அழுக்குத் தண்ணீர் மொத்தமும் திரும்பி, தாழ்ந்து கிடக்கும் கடற்கரை வீடுகளுக்குள் ஏறும். நான் வேலைக்குச் சேர்வதற்கு முந்தின ஐப்பசியில், கடற்கரைத் தெரு பிலோமியக்கா வீட்டு அடுப்பு வாறுகால் தண்ணீரில் மூழ்கியது. அடுத்த பங்குனியில் அவர் வார்டு மெம்பர் ஆனார். இன்னொரு ஐப்பசிக்கு அடுப்பைப் பறிகொடுப்பதில்லை என்ற ஒரே முடிவோடு வந்தவர்.

முதல் கூட்டத்திலேயே எழுந்தார்.

"லாரி ஏன் எப்பவும் கடைத்தெருவுலயே தொடங்குது?"

தலைவர் கடைத்தெருக்காரர். "வெளியூர் ஆளு வார இடம்லா மெம்பரே? அங்க நாறுனா ஊருக்கு மரியாதையா?"

"எங்க தெருவுல இருக்கவனுக்கு மூக்கு இல்லையா அண்ணாச்சி?"

சிரிப்பு அடங்குவதற்குள் தன் யோசனையைச் சொல்லிவிட்டார். கரையில் நின்றபடி கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரே கரையில் பல வலைக்காரர்கள். ஒரு நேரத்தில் ஒரு வலைதான் விரிக்க முடியும். அதனால் முறை வைத்திருக்கிறார்கள். இன்றைக்கு முதல் வலை போட்டவன் நாளைக்குக் கடைசி. மற்றவர்கள் ஒவ்வொரு படி மேலே. லாரியையும் அப்படி விட்டால் என்ன? உப்பளத் தெரு மெம்பர் உடனே கையைத் தூக்கினார். அவருக்கும் பாதி லாரிதான் போய்க்கொண்டிருந்தது. தீர்மானம் நிறைவேறியது. தலைவர் மட்டும், தீர்மானத்தைக் குறித்துக்கொண்டிருந்த என் பக்கம் குனிந்து, "எழுதும், எழுதும். எத்தன நாளைக்கின்னு பாப்போம்" என்றார்.

அன்றுமுதல் என் கரும்பலகைக்கு வந்த மவுசைச் சொல்லி மாளாது. சாயங்காலமானால் பலகை முன்னால் கூட்டம். நான் எழுதியதை ஊரே நின்று படித்த காலம் அது ஒன்றுதான்.

ஐப்பசி பிறந்த பிறகு, கடற்கரை வார்டின் முதலிடம் முதன்முதலாக ஒரு ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தது. ஞாயிறன்று கறிக்கடைக் கழிவு அதிகம் என்பதால் லாரிக்கு அன்று ஓய்வில்லை. சுப்பையா அண்ணாச்சி தெருமுனையில் நிறுத்தி ஹாரன் அடித்தார். ஒரு கதவு திறக்கவில்லை. எல்லோரும் மாதா கோயிலில் பூசைக்குப் போயிருந்தார்கள். அவர்கள் கவலைப்படவும் இல்லை. கரைவலையில் ஞாயிற்றுக்கிழமை யாரும் வலை போடுவதில்லை. அன்றைக்குரிய முறை திங்கட்கிழமைக்குத் தானாக நிற்கும். லாரிக்கும் அதே சட்டம்தான் என்று தெருவே நம்பியிருந்தது. காலி லாரி கிளம்பி அடுத்த வார்டுக்குப் போய்விட்டது.

திங்கட்கிழமை பலகையில் கடற்கரை வார்டு கடைசி. விடிந்ததும் ஆண்கள் ஷெட் வாசலில் லாரியை மறித்துவிட்டார்கள். முன்னால் நின்றது பிலோமியக்காவின் கொழுந்தன் சேவியர். படகுகளுக்கு ஐஸ் ஏற்றும் வண்டி வைத்திருந்தவன்.

"ஏலே, அழிச்சு எழுது. இன்னைக்கு எங்க முறை."

நான் சாக்பீஸை சட்டைப்பையில் ஒளித்தேன். என் வீரம் அவ்வளவுதான். தலைவரும் வந்து சேர்ந்தார். முகத்தில் அப்படி ஒரு பிரியம். "பாவம், குடுத்திருவோம். ஆளுக்கொரு சட்டம்னு ஆன பொறவு முறை எதுக்கு? பழையபடியே விட்டுரலாம்" என்றார். வடகிழக்கில் மேகம் கருத்து நின்றது. அவர் கொடுப்பதை வாங்கிக்கொண்டால் இன்றைக்கு லாரி கிடைக்கும், நாளையிலிருந்து கிடைக்காது. தகவல் கேட்டு ஓடிவந்திருந்த பிலோமியக்காவுக்கு அது புரிந்துவிட்டது.

"சேவியரு, நேத்து மத்தியானம் என்னல சாப்பிட்ட?"

"எறா. அதுக்கென்ன மைனி?"

"தலையும் தின்னியோ?"

"தலைய யாரு திம்பா?"

"ஞாயித்துக்கெழம எறா உரிக்கத் தெரியுது, தலய வெளிய வைக்கத் தெரியலயோ? வலைக்கு லீவு உண்டு, வயித்துக்கு உண்டா? லாரி வந்து நின்னுச்சு, நாமதான் இல்ல. முறை போச்சு. வழிய விடு."

"நம்ம தெரு நாறுது மைனி. மழ வேற வருது. ஓட்டுப் போட்டவங்கள்ட்ட போய் இப்பிடிச் சொல்லுவியளா?"

"சொல்லத்தான் வாரேன். ஒன் ஐஸ் வண்டிய எடு."

"ஐஸ் வண்டிலயா?" என்று அலறினான் சேவியர். சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். சிரித்த பிறகு மறியல் எப்படி நடக்கும்? லாரி கிளம்பிப் போனது. தெருவில் மீன்கூடைகள் எல்லாம் வெளியே வந்தன. கடல் வேலைக்காரர்கள் சங்கிலியாக நின்று கூடைகளைக் கை மாற்ற, ஐஸ் வண்டி நடைநடையாகக் குப்பைக்கிடங்குக்குப் போய்வந்தது. போகும் வழியெல்லாம் சேவியர் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "மைனியால என் வண்டியோட கற்பு போச்சு" என்று புலம்பினான். கடைசியாக ஓடை வாயையும் வாரினார்கள். மத்தியானத்துக்குமேல் பிடித்த மழை மூன்று நாள் விடவில்லை. மூன்று நாளும் ஓடை வீடுகளைத் தொடாமல் கடலுக்கு ஓடியது. அடுத்த கூட்டத்தில் தலைவர் முறையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

பிறகு வந்த ஞாயிறு முறைகளில் கடற்கரைக்காரர்கள் வாளிகளை வாசலில் வரிசையாக வைத்துவிட்டுப் பூசைக்குப் போனார்கள். அண்ணாச்சி தானே எடுத்துக் கொட்டிவிட்டு வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வருவார்.

பேரூராட்சியை மாநகராட்சியோடு சேர்த்தபோது மெம்பர்கள் பதவியும் முடிந்தது. இன்றைக்குத் தெருக்கள் அன்றைவிடச் சுத்தம். அதை மறுத்தால் நான் பொய்யன். வண்டி வராவிட்டால் ஒரு எண்ணுக்குப் பேசலாம். மறுமுனையில் ஒரு குரல் புகார் எண் தரும். அந்தக் குரலை வழிமறித்து நிற்க முடியாது. நேற்று எறால் தின்றாயா என்று அது நம்மைக் கேட்கப்போவதும் இல்லை.

பேரூராட்சியின் கடைசி நாள் சாயங்காலம் மறுநாளைய வரிசையைப் பழக்கதோஷத்தில் எழுதிவிட்டேன். கடற்கரை வார்டு முதலில். ஷெட் சாவியை ஒப்படைக்குமுன் அழித்துவிடலாம் என்று துணியை எடுத்தேன். பிலோமியக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அழிக்காதப்பா. நாளைக்கு எங்க முறைலா? அது முடியட்டும்."

மறுநாள் புது வண்டிகள் வேறு ஷெட்டிலிருந்து, வேறு வழியாக வந்தன. எங்கள் ஷெட்டை யாரும் திறக்கவில்லை. வெகுநாள் கழித்து அதை இடித்தபோதும் பலகையில் கடற்கரை வார்டு முதலில்தான் இருந்தது.