அரைவை மில் சுவரில் நான்

வீட்டில் கேமரா இருந்தும் எனக்கென்று ஒரு போட்டோ கிடையாது. கேமரா சின்னம்மாவுடையது. அம்மாவின் தங்கை அவள். ஓசூரில் சுவிட்சு செய்யும் கம்பெனியில் வேலை, எங்களோடுதான் இருந்தாள். முதல் போனஸ் வந்ததும் பெங்களூர் போய்ப் பழைய கேமரா ஒன்றை வாங்கி வந்தாள். ஞாயிற்றுக்கிழமையானால் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு சுவர் பார்க்கக் கிளம்பிவிடுவாள். கரித்துண்டால் கிறுக்கிய யானை, தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒன்றன்மேல் ஒன்றாக எழுதிய வசவுகள், பாதி அழிந்த தேர்தல் சின்னம் எல்லாம் அவள் பெட்டிக்குள் போயின. பின்னாலேயே தண்ணீர் பாட்டிலைச் சுமந்துகொண்டு நான்.

"மனுசங்கள எடுடீன்னா செவுத்த எடுத்துக்கிட்டு வர்றா. வெறுங்கழுத்தோட இப்படி ஊர் சுத்துனா எவன் வருவான்?" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். சின்னம்மாவுக்கு அப்போது முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது.

"என்னைய ஒரு படம் எடு சின்னம்மா" என்று நானும் நச்சரிப்பேன்.

"நீ எங்க போயிரப் போற? செவுருதான் கண்ணு, நாளைக்கே சுண்ணாம்பு அடிச்சுருவாங்க" என்பாள்.

பாகலூர் சாலையில் பூட்டிக் கிடந்த அரைவை மில்லின் சுவரில் ஒருநாள் கரியால் வரைந்த மயில் இருந்தது. வரைந்தது யாரென்று தெரியாது. சின்னம்மா மூன்று படம் எடுத்தாள். அடுத்த ஞாயிறு மயிலுக்குப் பக்கத்தில் லாரி வந்திருந்தது. அதற்கடுத்த ஞாயிறு மாமரம். வாரம் தவறாமல் அங்கே புதுப்படம் வந்தது. வாரம் தவறாமல் சின்னம்மாவும் கனகாம்பரம் வைத்துக்கொள்ள ஆரம்பித்தாள். சுவரைப் பார்க்கப் போவதற்குப் பூ எதற்கு என்று நான் கேட்கவில்லை.

பிறகொரு ஞாயிறு, சுவரில் ஒரு பெண் நின்றாள். பின்னல் முன்னால் தொங்க, கண்ணில் கேமரா. அச்சு அசல் சின்னம்மா. நிஜச் சின்னம்மாவுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. "ஃபிலிமு தீந்துபோச்சு, அடுத்த வாரம் எடுத்துக்கலாம்" என்றாள். தீரவில்லை என்று எனக்குத் தெரியும். வீடு வரும்வரை ஏதோ பாட்டை முணுமுணுத்தபடியே வந்தாள்.

எனக்கு ஒரு யோசனை பிறந்தது. சனிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் மில்லுக்கு ஓடினேன். அந்தப் பெண்ணின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல, செங்கல் துண்டால் என்னை வரைந்தேன், இரட்டைச் சடையோடு. சுவரில் ஏறிவிட்டால் போட்டோவில் விழுந்துதானே ஆக வேண்டும்! நிமிர்ந்து பார்த்தால் அவள் கழுத்து வெறுமையாக இருந்தது. அம்மாவின் குறையும் தீரட்டும் என்று, வகுப்பிலிருந்து கிளப்பி வந்த மஞ்சள் சாக்பீஸால் நல்ல தடிமனாக ஒரு தாலியும் போட்டுவிட்டேன்.

மறுநாள் சுவரைப் பார்த்ததும் சின்னம்மா அப்படியே நின்றுவிட்டாள். முந்தானையை நனைத்துத் தாலியைத் துடைக்கப் போனவள், என் முகத்தைப் பார்த்துக் கையை இறக்கிக்கொண்டாள்.

"நீயா கண்ணு வரைஞ்ச?"

"ஆமா சின்னம்மா. நல்லாருக்கா?"

"ம்... நல்லாருக்கு."

அன்றும் படம் எடுக்கவில்லை.

அதற்கடுத்த ஞாயிறு போனபோது புதுப்படம் எதுவும் இல்லை. செங்கல்லால் வரைந்த என் கையில் மட்டும் கரியால் ஒரு பலூன் வந்திருந்தது. நான் குதித்தேன். சின்னம்மா வெகுநேரம் பார்த்துவிட்டு ஒரே ஒரு படம் எடுத்தாள். அதற்குப்பின் அந்தச் சுவரில் யாரும் எதுவும் வரையவில்லை. சில மாதம் கனகாம்பரத்தோடு போய்ப் பார்த்தோம். பிறகு பூ இல்லாமல் போனோம். அப்புறம் போகவில்லை.

சின்னம்மாவுக்குக் கடைசிவரை யாரும் தாலி கட்டவில்லை. இப்போது அந்த இடத்தில் மில்லும் இல்லை, சுவரும் இல்லை. ஆனாலும் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்க்கிறேன். தாலியும் பிள்ளையுமாக ஒருத்தியைக் கண்டால் நல்ல மனிதன் இப்படித்தான் விலகிப்போவான் என்பது அப்போது எனக்குத் தெரியாது. படம் கழுவி வந்ததும் அதைப் பள்ளிக்கூடம் முழுக்கக் கொண்டுபோய்க் காட்டினேன், எனக்கு யாரோ பலூன் கொடுத்திருக்கிறார்கள் என்று.